ஊறட்டும், அவசரப்படாதீங்க: வீட்டு வேப் லிக்விட் கேள்வி பதில்

லண்டன் வந்து பல வருஷம் சிகரெட் பிடிச்சு, 2016ல அத விட்டுட்டு வேப்புக்கு (லிக்விட சூடாக்கி ஆவியா இழுக்கற மின் சிகரெட்) மாறி, கடை லிக்விட் விலை கட்டுப்படியாகாம நானே கலக்க ஆரம்பிச்சவன். போன வாரம் "கலக்கறது பத்தி சந்தேகம் இருந்தா கேளுங்க"ன்னு சொன்னேன், கேட்டீங்க பாருங்க, மழை மாதிரி. ஒரே மாதிரி இருந்ததெல்லாம் சேர்த்துட்டேன். இங்க சொல்ற கணக்கு, சட்டம் எல்லாம் பிரிட்டனுக்கு, வேற ஊர்னா அங்கங்க சொல்றேன்.

கேள்வி (க்ராய்டன்): ப்ரோ, முதல் தடவை கலக்கப் போறேன். என்ன வாங்கணும், எவ்ளோ ஊத்தணும், ஒரே ஒரு ரெசிபி கணக்கோட சொல்லுங்க, ப்ளீஸ்.

முதல்ல அளந்து ஊத்தற சிரிஞ்ச தூக்கிப் போடுங்க. 0.01 கிராம் காட்டற சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்குங்க, நகை எடை போடுற மாதிரி இருக்கும், விலை கம்மிதான். பாட்டில தராசுல வச்சு, ஜீரோ பண்ணி, ஒண்ணொண்ணா ஊத்திட்டே போனா கழுவுற வேலையே இல்ல. ஆனா ஒண்ணு, லிக்விட்டுக்கு அடிப்படை ரெண்டு, கெட்டியான வி.ஜி. (வெஜிடபிள் கிளிசரின்), தண்ணியான பி.ஜி. (ப்ரோப்பிலீன் கிளைக்கால்). வி.ஜி. ஒரு மில்லி 1.26 கிராம், பி.ஜி. 1.04 கிராம், ஃப்ளேவர் சுமாரா 1 கிராம்னு வச்சுக்கலாம். இத மறந்துட்டு மில்லியும் கிராமும் ஒண்ணுன்னு ஊத்துனீங்கன்னா கணக்கு எல்லாம் கோணல்.

ரெசிபி, ஸ்ட்ராபெரி ஐஸ்க்ரீம், 30 மில்லி, மில்லிக்கு 3 மி.கி. நிக்கோடின், 70% வி.ஜி. 30% பி.ஜி. நிக்கோடின் மொத்தம் 30 × 3 = 90 மி.கி. வேணும். கடைல கிடைக்கற நிக் ஷாட் (ஃப்ளேவர் இல்லாத நிக்கோடின் பாட்டில்) மில்லிக்கு 18 மி.கி., அப்ப 90 ÷ 18 = 5 மில்லி. அது முழு வி.ஜி. ஷாட்டா வாங்கிக்கோங்க. டி.எஃப்.ஏ.ங்கற ஃப்ளேவர் கம்பெனியோட ஸ்ட்ராபெரி ரைப் 6%, அதே கம்பெனி வனிலா பீன் ஐஸ்க்ரீம் 6%, ஒவ்வொண்ணும் 1.8 மில்லி. ஃப்ளேவரும் பி.ஜி. கணக்குலதான் வரும், மிச்சம் பி.ஜி. 5.4 மில்லி, வி.ஜி. 16 மில்லி. கூட்டிப் பாருங்க, 30 வரும். எடைல வி.ஜி. 20.2 கிராம், பி.ஜி. 5.6, நிக் ஷாட் 6.3, ஃப்ளேவர் ரெண்டும் 1.8 வீதம். அவ்ளோதான்.

சிலருக்கு அந்த ஐஸ்க்ரீம் ஃப்ளேவர்ல மிளகு வாடை தெரியும், நாக்கு வாகு அது, உங்களுக்கும் தெரிஞ்சா பாட்டில் கெட்டுப் போச்சுன்னு நினைக்காதீங்க, வேற கம்பெனி ஐஸ்க்ரீம் மாத்திப் பாருங்க. அப்புறம் சின்ன பாட் (கைக்கடக்கமான வேப்) வச்சிருக்கவங்களுக்கு 70 வி.ஜி. கெட்டி, உள்ள இருக்கற பஞ்சு சரியா உறிஞ்சாது, கருகும். அவங்க 50க்கு 50 போடுங்க.

கேள்வி (ஹாரோ): ஃப்ளேவர் கம்மியா தெரியுதுன்னு 20% போட்டேன், இன்னும் கம்மியாதான் தெரியுது. ஏன்?

அதிகமா போட்டதால! உப்பு கம்மின்னு நினைச்சு ரெண்டு கை அள்ளிப் போட்டா குழம்பு ருசி வருமா? ஃப்ளேவர் ஒரு அளவுக்கு மேல போனா ஒண்ண ஒண்ணு அமுக்கி மந்தமாயிடும், இல்லன்னா சோப்பு, பர்ஃப்யூம் மாதிரி அடிக்கும். அதுலயும் எல்லா கம்பெனியும் ஒரே காரம் இல்ல. டி.எஃப்.ஏ., கப்பெல்லா எல்லாம் 5, 6% தாங்கும். இத்தாலிக்கார ஃப்ளேவர் ஆர்ட் 1ல இருந்து 3. போலந்து இனவேரா இருக்கே, சிலது அரை சதவீதமே ஜாஸ்தி. ஒரு ரெசிபில கம்பெனி பேர் மாத்திட்டு சதவீதத்த அப்படியே வச்சா நாசம்தான், நான் பண்ணிருக்கேன், 60 மில்லி சிங்க்ல போச்சு.

இன்னொண்ணு, ஒரே ருசிய வாரக்கணக்குல இழுத்தா நாக்குக்கும் மூக்குக்கும் அது பழகிப் போகும். ரெண்டு நாள் புதினா இல்லன்னா ஃப்ளேவரே இல்லாத லிக்விட் இழுங்க, தண்ணி நெறைய குடிங்க, திரும்ப வரும்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): அண்ணை, கஸ்ரட் ஒண்டு கலந்தனான். ஒரு கிழமை வச்சும் கெமிக்கல் மணம் போகேல்லை. சுடுதண்ணிக்குள்ள வச்சால் கெதியா ஊறும் எண்டு ஒருத்தர் சொன்னவர், செய்யலாமோ?

தம்பி, ஒரு கிழமை கஸ்டர்டுக்குப் போதாது. நாலு கிழமை விடுங்கோ, பிறகு சொல்லுங்கோ. (உங்க பேச்சு எனக்கு ஒட்டிக்கிச்சு, என் பக்கத்து வீடு பூரா யாழ்ப்பாணம்தான்.)

ஊறுறதுன்னா என்னன்னு கொஞ்சம் சொல்லிடறேன், இதத்தான் பத்து பேர் கேட்டிருக்கீங்க. இங்கிலீஷ்காரன் இதுக்கு ஸ்டீப்பிங்ன்னு டீத்தூள் வார்த்தைய வச்சிருக்கான், ஆனா நடக்கறது டீ இல்ல, நம்ம வடுமாங்காய் ஜாடி. முதல்ல, வி.ஜி. கெட்டிங்கறதால ஃப்ளேவர் முழுசா பரவ நேரம் ஆகும், நல்லா குலுக்குனா இது சீக்கிரம் முடிஞ்சிடும். ரெண்டாவது, சில ஃப்ளேவர்ல கொஞ்சம் ஆல்கஹால் இருக்கும், அந்த நெடிதான் உங்களுக்கு கெமிக்கலா தெரியுது, மூடிய சில மணி நேரம் திறந்து வச்சா போயிடும். மூணாவதுதான் விஷயம். வனிலின் (வனிலா வாசனைப் பொருள்) மாதிரி ஆல்டிஹைடு வகைச் சேர்மங்க பி.ஜி. கூட மெதுவா சேர்ந்து அசிட்டால்னு வேற பொருளாவே மாறுது, சூடே பண்ணாம பாட்டில்லயே. 2018ல யேல், டியூக் ஆளுங்க இத அளந்து எழுதிருக்காங்க. அதனாலயும் இருக்கலாம், முதல் நாள் தனித்தனியா கத்துற வனிலாவும் முட்டையும் க்ரீமும் ஒரு மாசத்துல ஒரே ருசியா இறங்குது, முந்தாநாள் வச்ச மீன் குழம்பு மாதிரி. ஒண்ணு நேர்மையா சொல்லணும், அந்த அசிட்டால் நுரையீரலுக்கு எரிச்சல் குடுக்கலாம்ங்கறதுதான் அவங்க கவலையே. ருசி கூடுதுங்கறதால உடம்புக்கும் நல்லதுன்னு ஆயிடாது.

என் கணக்கு இது. பழம்னா மூணு நாள்ல இருந்து ஒரு வாரம், சிலது அன்னைக்கே குலுக்கி இழுக்கலாம். க்ரீம், கஸ்டர்ட், பேக்கரி வகையறா ரெண்டுல இருந்து நாலு வாரம். புகையிலை ஃப்ளேவர் ஒரு மாசத்துக்குக் கொறையாம. லெமன், தர்பூசணி மாதிரி மேலாப்புல நிக்கற வாசனையெல்லாம் ரொம்ப நாள் வச்சா மங்கிடும், அத வச்சு அழகு பாக்காதீங்க.

சுடுதண்ணி கேட்டீங்க. வெதுவெதுப்பான தண்ணில, மூடி இறுக்கி, அஞ்சு நிமிஷம் வச்சுக் குலுக்குனா கலக்க ஈசி, அதோட நிறுத்துங்கோ. மைக்ரோவேவ், கொதிக்கற தண்ணி, ராத்திரி பூரா ரேடியேட்டர் மேல, இதெல்லாம் வாசனையத்தான் விரட்டும், நிக்கோடினும் ஆக்ஸிடைஸ் ஆகும். சீக்கிரம் ஊறும்னு நம்பி அல்ட்ராசோனிக் மெஷின் ஒண்ணு நானும் வாங்குனேன், இப்ப வீட்டம்மா கொலுசு கழுவுறாங்க.

கேள்வி (லெஸ்டர்): கலர் மாறி பிரவுன் ஆயிடுச்சு, கெட்டுப் போச்சா?

வனிலா இருந்தா பிரவுன் ஆகத்தான் செய்யும், நிக்கோடினும் காத்து பட்டா மஞ்சளாகி அப்புறம் டீ கலருக்கு வரும். கலர் மட்டும் மாறுனா பயமில்ல. மிளகுத்தூள் மாதிரி தொண்டைய அறுத்தா, இல்ல மீன் வாடை வந்தா ஊத்திடுங்க. நிக்கோடின ஃப்ரீசர்ல, கண்ணாடி பாட்டில்ல, வாய் வரைக்கும் நிரப்பி வைங்க. சோத்துப் பொருள் இருக்கற ஃப்ரீசர்ல வேணாம்.

கேள்வி (மில்டன் கீன்ஸ்): அண்ணா, கேக் கடைல விக்கிற எசென்ஸ், ஏலக்காய் எண்ணெய் இதெல்லாம் போடலாமா? வீட்லயே நெறைய இருக்கு.

போடவே போடாதீங்க. இந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தன பேர் கேள்விய எடுத்துக்கிட்டேன்னு வச்சுக்கோங்க. வயித்துக்குப் போறது வேற, நுரையீரலுக்குப் போறது வேற. சமையல் எசென்ஸ்ல சிலது எண்ணெய்ல கரைச்சது, சிலதுல சர்க்கரை, கலர் இருக்கும். எண்ணெய் ஆவியா உள்ள போனா நுரையீரல்ல தங்கி லிபாய்ட் நிமோனியான்னு ஒரு கோளாறு வரலாம். ஏலக்காய் எண்ணெய், கிராம்பு எண்ணெய், யூகலிப்டஸ், "ஆர்கானிக்" எதுவுமே நுரையீரலுக்கு வேணாம். 2019ல அமெரிக்கால வேப் பண்ணவங்க திடீர்னு மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனாங்களே, 2020 பிப்ரவரிக்குள்ள 2,807 பேர் அட்மிட், 68 பேர் சாவு. அது பெரும்பாலும் கள்ளச் சந்தை கஞ்சா கார்ட்ரிட்ஜ், அதுல கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட்ங்கற எண்ணெய் மாதிரி பொருள்தான் முக்கியக் காரணம்னு கண்டுபிடிச்சாங்க. வைட்டமின்னு பேர் இருந்து என்ன பிரயோஜனம்?

வேப்புக்குன்னே விக்கற, பி.ஜி.ல கரையற ஃப்ளேவர் மட்டும் வாங்குங்க. அதுலயும் வெண்ணெய், கஸ்டர்ட் வகைல டைஅசிட்டைல், அசிட்டைல் ப்ரோப்பியோனைல் (ரெண்டும் வெண்ணெய் வாசனை தர்ற கெமிக்கல்) இருக்கான்னு கம்பெனி சைட்ல பாருங்க. 2000ல அமெரிக்கா மிசோரில பாப்கார்ன் ஃபேக்டரி ஆளுங்களுக்கு நுரையீரல் சின்னக் குழாயெல்லாம் தழும்பாகி அடைச்சுக்கிச்சு, வெண்ணெய் வாசனைக்குப் போட்ட டைஅசிட்டைல் ஆவிதான் காரணம். பிரிட்டன்ல நிக்கோடின் உள்ள கடை லிக்விட்ல அத 2016லயே தடை பண்ணிட்டாங்க, ஆனா நாம வாங்கற நிக்கோடின் இல்லாத ஃப்ளேவர் பாட்டிலுக்கு அந்த விதி நேரா வராது, அதனால பாக்கற பொறுப்பு நம்ம தலைல.

கேள்வி (ரெடிங்): நம்ம ஊர் ஃபில்டர் காப்பி ஃப்ளேவர் வர வைக்க முடியுமா தல?

அய்யோ, இது என் ஆறு வருஷத் தோல்வி. காப்பி வாசனைக்கு உயிரே ஃபர்ஃபரில் மெர்காப்டான்னு ஒரு கந்தகச் சேர்மம், அது காத்து பட்டா சீக்கிரம் உடைஞ்சிடும். அதனால காப்பி லிக்விட் முதல் நாள் சுமாரா இருக்கும், ஊற ஊற கருகுன ரப்பர், செலரின்னு போய் நிக்கும். ஊற வச்சா மங்கறதோட நிக்காம கெட்டே போற ஒரே சாமான் இதுதான்னு எனக்குத் தோணுது. காப்பிய 1%க்குள்ள வச்சு, பால், கேரமல் ஃப்ளேவர் தூக்கலா போட்டு, பத்து மில்லிக்கு மேல கலக்காம ஒரு வாரத்துல முடிச்சா "காப்பி மிட்டாய்" வரும். டிகிரி காப்பி வராது. ரோஸ் மில்க் வேணா கேளுங்க, அது சூப்பரா வரும், ரோஸ் மட்டும் கால் சதவீதத்துல ஆரம்பிங்க, ஏறுனா அகர்பத்திதான்.

கேள்வி (பர்மிங்காம்): லவங்கப்பட்டை ஃப்ளேவர் போட்டேன், லிக்விட் ஊத்தற டேங்க் விரிசல் விட்டுடுச்சு. சூடாக்கற காயிலும் ரெண்டு நாள்ல கருகுது.

ரெண்டும் வேற வேற வியாதி. பட்டைல உள்ள சின்னமால்டிஹைடும், எலுமிச்சை, ஆரஞ்சு ஃப்ளேவரும் பாலிகார்பனேட் ப்ளாஸ்டிக்க வெடிக்க வைக்கும், கண்ணாடி டேங்க் போடுங்க. பட்டை தொண்டைக்கும் நல்லதில்ல, நான் விட்டே வருஷக்கணக்காச்சு. காயில் கருகறது ஸ்வீட்னரால, சுக்ரலோஸ் சூட்டுல கரியா ஒட்டிக்கும். கடை லிக்விட் அளவு இனிப்ப எதிர்பாக்காதீங்க, அரை சதவீதத்துக்குள்ள வைங்க, ரெண்டு வாரத்துல நாக்கு பழகிடும்.

கேள்வி (பேர் வேணாம்னு சொன்னவர்): நான் சிகரெட் பிடிச்சதே இல்ல, ஃப்ளேவருக்காக ஆரம்பிக்கலாமா? ஜீரோ நிக்கோடின் சேஃப் தானே?

வேணாங்க. சிகரெட்டுக்கு இது எவ்வளவோ மேல், அதுக்காக ஒண்ணுமே பண்ணாதுன்னு அர்த்தமில்ல. சிகரெட் பிடிக்காதவங்க ஆரம்பிக்கக் கூடாதுன்னுதான் இங்க அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.ஸும் சொல்றாங்க. உங்களுக்கு ரோஸ் மில்க் பிடிக்கும்னா குடிங்க.

கேள்வி (க்ராலி): டிசம்பர்ல சென்னை போறேன், மச்சானுக்கு ரெண்டு பாட்டில் கலந்து எடுத்துட்டுப் போகலாமா?

மச்சான் கோவிச்சுக்கட்டும், பரவால்ல. இந்தியால 2019 செப்டம்பர்ல இருந்து தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே தடை. முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரை ஜெயில் இல்ல ஒரு லட்சம் வரை ஃபைன், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். வழில சிங்கப்பூர்ல இறங்கற ப்ளான் இருந்தா இன்னும் மோசம், அங்க வச்சிருக்கறதே குத்தம்.

கேள்வி (ஸ்லவ்): வீட்ல மூணு வயசுப் பையன் இருக்கான். எங்க வச்சுக் கலக்கறது?

அவன் தூங்கனப்புறம், கிச்சன்ல இல்லாம. நைட்ரைல் கிளவுஸ் போடுங்க, கைல பட்டா சோப்பு, தண்ணி. பத்து மில்லி 18 மி.கி. ஷாட்ல 180 மி.கி. நிக்கோடின் இருக்கு, குழந்தைக்கு அதுல ஒரு வாய் போனாலே ஆபத்து, அதுவும் நீங்க அதுக்கு ஸ்ட்ராபெரி வாசனை வேற குடுத்து வச்சிருக்கீங்க. குடிச்சுட்டான்னு சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காம 999க்கு அடிங்க, பாட்டில கைல எடுத்துக்கோங்க. சைல்ட் லாக் மூடி மட்டும் நம்பாதீங்க, எங்க அக்கா பையன் நாலு வயசுல அத என்னை விட வேகமா திறந்தான். அன்னைக்கு அது காலி பாட்டில். மறுநாளே பூட்டு வச்ச டப்பா வாங்கி வார்ட்ரோப் மேல ஏத்திட்டேன். எல்லா பாட்டில்லயும் லேபிள் ஒட்டி தேதி, மி.கி., ரெசிபி எழுதுங்க. இல்லன்னா மூணு மாசம் கழிச்சு எது கஸ்டர்ட், எது வெறும் நிக்கோடின்னு மோந்து பாத்துட்டு உக்காந்திருப்பீங்க.