'வீடு' திட்டத்துக்குக் கரு தேடும் மாணவருக்கு

நண்பரே, பருவ இறுதிப் புகைப்படத் திட்டத்துக்கு 'வீடு' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள், எதை எடுத்தாலும் இன்ஸ்டாகிராமில் பார்த்த படம் போலவே வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். புதுக் கருவைத் தேடாதீர்கள். ஒரு கட்டுப்பாட்டைத் தேடுங்கள்.

செக் நாட்டுப் புகைப்படக் கலைஞர் யோசெஃப் சூடெக் 1940 முதல் 1954 வரை தன் ஸ்டுடியோ ஜன்னலையே திரும்பத் திரும்ப எடுத்தார். நீர் படிந்த கண்ணாடி, வெளியே கோணலாக ஒரு மரம், அவ்வளவுதான். ஆனால் ஒரு படம் இன்னொன்றைப் போல இருக்காது! ஜெர்மனியின் புகைப்படக் கலைஞர்களான பெர்ண்ட், ஹில்லா பெக்கர் தம்பதி வேறு வழி: மேகமூட்டமான வானம், நேர் எதிரே இருந்து பார்க்கும் கோணம் என்று விதியை மாற்றாமல் உயரமான மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிகளைப் படமெடுத்து வரிசையாக அடுக்கினார்கள்.

உங்களுக்குச் சூடெக் வழிதான் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. வீட்டில் ஒரே இடம், ஒரே லென்ஸ், முக்காலியை நகர்த்த வேண்டாம். வெளிச்சமும் ஆட்களும் மட்டும் மாறட்டும். பிறகு சின்னதாகப் பிரின்ட் போட்டுத் தரையில் பரப்பிப் பாருங்கள் (திரையில் வரிசை பிடிபடாது). மிக அழகான படமே தொடரோடு ஒட்டவில்லை என்றால் அதையும் நீக்கிவிடுங்கள். அதுதான் மனசுக்குக் கஷ்டம். முதல் வரிசை தயாரானதும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.