இவான் சமோரானோ: கேளுங்கள், சொல்கிறேன்

சிலியின் முன்னாள் முன்கள வீரர் சமோரானோவைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும். தொண்ணூறுகளின் லா லிகா, அதாவது ஸ்பெயின் லீக் பைத்தியம் நான். மாட்ரிட் பக்கம் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: அவர் எல் சால்வடோர் நாட்டு லீக்கில்தான் தொடங்கினாராமே?

இல்லை, அது வேறு எல் சால்வடோர். சிலியின் வடக்கே, அடகாமா பாலைவனத்தில், 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அதே பெயரில் ஒரு தாமிரச் சுரங்க ஊர் இருக்கிறது. அந்த ஊர் கிளப் கோப்ரெசால். ஊர் மக்கள் மொத்தப் பேரும் வந்து உட்கார்ந்தாலும் அவர்கள் மைதானம் நிரம்பாது. 1967இல் சாண்டியாகோவில் பிறந்த சமோரானோ அங்கே போய்த்தான் ஆளானார். 1987இல் கோப்ரெசால் சிலி கோப்பையை வென்றபோது அணியில் இருந்தார்.

கே: நேராக ஸ்பெயினுக்குப் போனாரா அண்ணா?

இல்லை தம்பி. 1988இல் இத்தாலியின் போலோன்யா வாங்கியது. ஆனால் அவர்கள் வைத்துக்கொண்டது இன்னொரு சிலி வீரர் ஊகோ ரூபியோவை. இவரை சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலனுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே 1989-90 பருவத்தில் 23 கோல் அடித்து லீக்கிலேயே அதிகக் கோல் அடித்தவர் ஆனார். அப்புறம்தான் ஸ்பெயின்: முதலில் செவில்யா, 1992இல் ரியல் மாட்ரிட்.

கே: இவ்வளவு பெரிய ஆள், 1994 உலகக் கோப்பையில் ஏன் இல்லை?

அவர் தப்பு இல்லை. 1989 செப்டம்பர் 3, ரியோவின் மரக்கானா மைதானம், பிரேசிலுக்கு எதிரான 1990 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம். சிலி பின்தங்கியிருந்தது. பார்வையாளர் பகுதியிலிருந்து ஒரு தீப்பந்தம் வந்து விழுந்தது. கோல்கீப்பர் ரொபெர்ட்டோ ரோஹாஸ் முகமெல்லாம் ரத்தமாகச் சாய்ந்தார், சிலி அணி மைதானத்தை விட்டு வெளியேறியது. பிறகு பார்த்தால் தீப்பந்தம் அவர் மேல் படவே இல்லை. கையுறைக்குள் பிளேடை ஒளித்துவைத்துத் தானே கீறிக்கொண்டிருக்கிறார். ரோஹாஸுக்கு வாழ்நாள் தடை விழுந்தது. 1994 தகுதிச் சுற்றில் சிலி ஆடவே கூடாது என்று ஃபிஃபா சொல்லிவிட்டது. சமோரானோவின் உச்சம் 1992க்கும் 1995க்கும் இடையில்தான். ஒருவர் வைத்த பிளேடுக்கு ஒரு தலைமுறையே விலை கொடுத்தது.

கே: வால்டானோ அவரை வேண்டாம் என்றாரே, அந்தக் கதையைச் சொல்லுங்கள்.

இதைத்தான் எதிர்பார்த்தேன். 1994 கோடையில் ஹோர்ஹே வால்டானோ மாட்ரிட்டுக்குப் பயிற்சியாளராக வந்தார். களத்தில் ஒரே நேரத்தில் மூன்று வெளிநாட்டவர்தான் ஆடலாம் என்ற காலம் அது. லௌட்ரப் (பார்சிலோனாவிலிருந்து), ரெடோண்டோ என்ற இரண்டு வெளிநாட்டவர் புதிதாக வந்திருந்தார்கள். முந்தைய பருவம் சமோரானோவுக்குச் சுமார்தான். உங்களுக்கு இடமில்லை, வேறு கிளப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இவர் போகவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை, பயிற்சியில் உழைத்தார். அதேபோல் கழற்றிவிடப்பட இருந்த அமாவிஸ்கா என்ற வீரரும் இவரும் சேர்ந்து அணியில் இடம் பிடித்துக்கொண்டார்கள். இடது ஓரத்திலிருந்து அமாவிஸ்கா, நடுவே இவர். அந்தப் பருவம் சமோரானோ 28 கோல், லீக்கிலேயே அதிகம்.

1995 ஜனவரி 7 ஆட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்குக் கிட்டத்தட்ட ஓராண்டு முன்பு பார்சிலோனா தன் மைதானத்தில் மாட்ரிட்டை 5-0 என்று துவைத்திருந்தது, ரொமாரியோ ஹாட்ரிக். இந்த முறை மாட்ரிட்டின் பெர்னபேயு மைதானத்தில் மாட்ரிட் 5, பார்சிலோனா 0. இடைவேளைக்கு முன்பே சமோரானோ மூன்று அடித்துவிட்டார். முதலில் பார்சிலோனாவுக்கும் பிறகு மாட்ரிட்டுக்கும் ஆடிய லௌட்ரப் இரண்டு ஆட்டத்திலும் ஜெயித்த பக்கமே இருந்தார், அது தனி வேடிக்கை. ஜூனில் டெபோர்ட்டிவோவுக்கு எதிராகப் லீக் பட்டத்தை உறுதிசெய்த கோலும் சமோரானோவுடையதுதான்.

கே: 1+8 ஜெர்சி நிஜமா, ஃபோட்டோஷாப்பா?

நிஜம்! 1998 உலகக் கோப்பையில் இத்தாலி 1-2 என்று சிலியிடம் பின்தங்கியிருந்தபோது, கடைசி நிமிடங்களில் பெனால்டியில் சமன் செய்தவர் பாஜியோ. அடுத்த சுற்றில் சிலியை 4-1 என்று வெளியே அனுப்பிய பிரேசிலுக்கு ரொனால்டோ இரண்டு கோல். சமோரானோவும் ரொனால்டோவும் அப்போது இத்தாலியின் இன்டர் மிலானில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதே கோடையில் பாஜியோவும் அங்கே வந்து 10ஆம் எண் ஜெர்சியை எடுத்துக்கொள்ள, ரொனால்டோ 10இலிருந்து 9க்கு மாறினார். அதுவரை 9 போட்டவர் சமோரானோ. அவர் 18ஐ வாங்கி, நடுவே சின்னதாக ஒரு கூட்டல் குறி போட்டுக்கொண்டார்: 1+8, அதாவது 9. சண்டை போடாமல் கணக்குப் போட்டுத் தீர்த்துவிட்டார், மனுஷன்!

கே: உயரம் 1.78 மீட்டர்தான். தலையால் எப்படி அத்தனை கோல்?

நேரம் பார்த்துக் குதிப்பதுதான். டிஃபெண்டர் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இவர் ஓடிவந்து எழும்பியிருப்பார். ஓரத்திலிருந்து அடிக்கும் கிராஸ் வந்து சேரும்போது இவர் மேலே இருப்பார், எதிராளி அப்போதுதான் எழும்பத் தொடங்குவார். 'ஹெலிகாப்டர்' என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

கே: சாலாஸா, சமோரானோவா?

பந்தைத் தொடும் நளினத்தில், சிலி முன்களத்தில் இவரோடு ஆடிய மார்செலோ சாலாஸ்தான். 1998 உலகக் கோப்பையில் சாலாஸ் நான்கு கோல், சமோரானோவுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கோப்பைக்குச் சிலியைக் கொண்டுபோனதில் சமோரானோவின் பங்கைக் குறைக்க முடியாது. தகுதிச் சுற்றில் வெனிசுவேலாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து அடித்தார். என் ஓட்டு சமோரானோவுக்கு. நாட்டுக்காக மொத்தம் சமோரானோ 34 கோல், சாலாஸ் 37.

கே: கடைசியாக எங்கே ஆடினார்?

2001இல் மெக்சிகோவின் அமெரிக்கா கிளப், அங்கே 2002இல் லீக் பட்டம். 2003இல் சின்ன வயதிலிருந்தே நேசித்த சிலி கிளப் கோலோ கோலோ. அங்கே பட்டம் கிடைக்கவில்லை.

கே: ஒலிம்பிக்ஸில் 23 வயதுக்கு உட்பட்டவர்கள்தானே ஆட முடியும்? 2000இல் இவர் எப்படி?

அணிக்கு மூன்று மூத்த வீரர்கள் அனுமதி. 33 வயதில் தலைவராகப் போனார். மொராக்கோவுக்கு எதிராக ஹாட்ரிக். அரையிறுதியில் கேமரூனிடம் 1-2 தோல்வி. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அமெரிக்காவை 2-0 என்று வென்றார்கள், இரண்டும் இவர் கோல்தான். மொத்தம் ஆறு, அந்தத் தொடரின் அதிகபட்சம். ஒலிம்பிக் கால்பந்தில் சிலிக்கு அதுதான் முதல் பதக்கம்.