கேளுங்கள், சமைக்கலாம்: இறால் கணவாய் யாகிசோபா

கேள்வி: ஓசூரில் வேலை பார்க்கும் மகன், ஜப்பான் யாகிசோபா கேட்கிறான். நான் செய்தால் நூடுல்ஸ் குழைகிறது, கணவாய் ரப்பராகிறது. என்ன செய்வது?
- ஒரு வாசகி, காவேரிப்பட்டினம்

பதில்: மகன் கேட்டால் செய்துதானே ஆக வேண்டும்! ஜப்பானில் இதற்கென்றே ஆவியில் வெந்த கோதுமை நூடுல்ஸ் விற்கிறார்கள். நமக்கு ஹக்கா நூடுல்ஸ் போதும். முக்கால் பதத்தில் வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி, எண்ணெய் பிசிறி ஆறவிடுங்கள். சூட்டோடு வாணலியில் கொட்டினால் களிதான். அதற்கு நம்ம ராகிக்களியே மேல்.

கிருஷ்ணகிரி அணை மீன் இதற்கு வேண்டாம், முள் எடுத்தே பொழுது போய்விடும். கடல் சரக்கு நம் பக்கம் ஐஸில்தான் வருகிறது. முகர்ந்து பார்த்து வாங்குங்கள். கணவாயை வளையமாக நறுக்கி, துணியால் ஈரத்தை ஒற்றியெடுங்கள். இதை விட்டால் தண்ணீர் கக்கி, வதங்காமல் வெந்துவிடும். புகையக் காய்ந்த இரும்பு வாணலியில் ஒன்றரை நிமிடம் புரட்டி, கண்ணாடி நிறம் மாறி வெள்ளையானதுமே எடுத்துவிடுங்கள். இறாலைச் சிவந்து சுருண்டதும் எடுங்கள். அதே வாணலியில் வெங்காயம், கேரட், முட்டைக்கோஸ், அப்புறம் நூடுல்ஸ், சாஸ். இறாலும் கணவாயும் கடைசியில்தான் திரும்பச் சேர வேண்டும்.

சோயா மட்டும் ஊற்றினால் ரோட்டுக்கடை ருசிதான் வரும். இரண்டு பேருக்கு வொர்செஸ்டர்ஷயர் சாஸ் 2 மேசைக்கரண்டி, தக்காளி சாஸ், ஆய்ஸ்டர் சாஸ் தலா 1, சோயா 1 தேக்கரண்டி, கொஞ்சம் சர்க்கரை. மேலே வைக்கும் சிவப்பு இஞ்சி ஊறுகாய்க்குப் பதில், இஞ்சியை மெல்லிசாகச் சீவி உப்பு, எலுமிச்சைச் சாற்றில் ஊறவையுங்கள். மிளகாய்த்தூள் பக்கம் மட்டும் கை போக வேண்டாம்.