மனசுக்குள்ள வாசிச்சா அது சாதகமா?

வணக்கம் அண்ணே,

நான் பெட்டாலிங் ஜெயாவுல ஒரு கொண்டோவுல இருக்கேன். நாப்பது வயசுக்கு மேல மிருதங்கம் கத்துக்க ஆரம்பிச்சேன், சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ்ல கிளாஸ். வேலை முடிஞ்சு வந்து மிருதங்கத்த எடுக்குறப்ப மணி ஒம்பது ஆயிடுது, பக்கத்து வீட்டுக்காரங்க மேனேஜ்மெண்ட்ல கம்ப்ளெய்ண்ட் பண்ணிட்டாங்க. அதனால இப்ப எல்ஆர்டியில போறப்ப வர்றப்ப கண்ண மூடிக்கிட்டு மனசுக்குள்ளயே பாடத்த வாசிச்சுப் பாக்குறேன். மகன் சிரிக்கிறான். இது சாதகத்துல, அதாவது தினப் பயிற்சியில சேருமா, இல்ல என்னை நானே ஏமாத்திக்கிறேனா? சத்தமில்லாம தட்டிப் பழகுற ரப்பர் பேட் ஒண்ணு வாங்கலாமான்னும் ஒரு யோசனை இருக்கு.

வாசகி, பெட்டாலிங் ஜெயா

வணக்கம்மா,

சேரும், மகன்கிட்ட தைரியமா சொல்லுங்க. ஆனா அது மட்டும் போதுமான்னு கேட்டா போதாது, கையால வாசிக்கிறதும் கூடவே இருக்கணும்.

1995ல அல்வாரோ பாஸ்குவல்-லியோனேன்னு ஒரு நரம்பியல் டாக்டரும் அவர் ஆளுங்களும் ஒரு ஆய்வு பண்ணாங்க. பியானோவே வாசிக்கத் தெரியாதவங்களுக்கு அஞ்சு விரலுக்கும் ஒரு சின்னப் பாடம் கொடுத்து, ஒரு குழுவ தினம் 2 மணி நேரம் வாசிக்க விட்டாங்க, இன்னொரு குழுவ அதே 2 மணி நேரம் விரல அசைக்காம மனசுக்குள்ள மட்டும் வாசிக்கச் சொன்னாங்க, இப்படி 5 நாள். மூளையில விரல ஆட்டி வைக்கிற பகுதி ரெண்டு குழுவுக்குமே விரிஞ்சிருந்துச்சு. இத மட்டும் எடுத்துக்கிட்டு 'நினைச்சாலே போதும்'னு மேடை போட்டுப் பேசுறவங்க நிறைய பேர். மிச்சத்தையும் கேளுங்க. மனசுல வாசிச்சவங்க அஞ்சாம் நாள் வந்து நின்ன இடம், கையால வாசிச்சவங்களோட மூணாம் நாள் இடம்தான். அதுக்கப்புறம் ஒரே ஒரு தடவை, 2 மணி நேரம் நிஜமா உக்காந்து வாசிச்சதும் கையால வாசிச்சவங்களோட அஞ்சாம் நாள் அளவுக்கு இவங்களும் வந்துட்டாங்க. அதாவது ரயில்ல நீங்க சேக்குறது வீணாப் போகல, சனிக்கிழமை கை மிருதங்கத்துல பட்டதும் அது வெளிய வரும். கை படவே இல்லன்னா அப்படியே கெடக்கும்.

எது மனசுல நிக்கும், எது நிக்காதுன்னு பிரிச்சுக்கணும், எனக்கு இதுதான் முக்கியமாப் படுது. தாளக் கணக்கு நல்லா நிக்கும். ததிகிணதொம்ங்கிற சொல் அஞ்சு மாத்திரை (தாளத்தோட சின்ன அளவு), அது மூணு தடவை, நடுவுல ரெண்டு ரெண்டு மாத்திரை கார்வை, அதாவது இடைவெளி, மொத்தம் 19. ஆதி தாளம் 32 மாத்திரை, அப்ப 13 விட்டு எடுத்தாத்தான் தாளம் தொடங்குற இடமான சமத்துல வந்து விழும். இத யோசிக்க மிருதங்கமே வேணாம், ரயில் பங்சார் ஸ்டேஷன் தாண்டுறதுக்குள்ள நாலஞ்சு தடவை போட்டுப் பாத்துடலாம். நம்மாளுங்க எதையுமே முதல்ல வாயால சொல்லி, கையில தாளம் போட்டு, அப்புறம்தான் வாசிக்கவே விட்டாங்க, அதுவும் பாதி இந்த வேலைதான்.

நிக்காதது நாதம். 'நம்'ங்கிற சொல்ல வாசிக்கிறப்ப மோதிர விரல் லேசா தொட்டுக்கிட்டு இருக்கணும், ஆள்காட்டி விரல் மீட்டுல, அதாவது வெளி ஓரத் தோல்ல விழணும். அந்த 'லேசா' எவ்வளவுன்னு மனசுக்குத் தெரியாது. கொஞ்சம் அழுத்திட்டா சத்தம் செத்துப் போயிடும், ஆனா கற்பனையில என்னைக்குமே அழுத்தாது, எல்லா நம்மும் கணீர்னுதான் கேக்கும், சாப்புங்கிற சொல்லும் அப்படித்தான், மனசுக்குள்ள நாம எல்லாருமே வித்வான்தான்! தப்ப எடுத்துச் சொல்ல அங்க யாரும் இல்ல. அதனால கைக்கு இன்னும் பிடிபடாத புதுச் சொல்ல ரயில்ல வாசிக்காதீங்க, கையால ஓரளவு வந்தத மட்டும் எடுத்துக்குங்க.

வாசிக்கிற வேகத்துலயே நினைங்க, மனசு சட்டுனு மூணாம் காலத்துக்கு, அதாவது ரொம்ப வேகத்துக்கு ஓடிடும், தொடையில தாளம் போட்டு அத இழுத்துப் பிடிங்க. ரொம்ப நேரமும் வேணாம். இப்படி மனசுல பழகுறதப் பத்தின பல ஆய்வுகள ஒண்ணாச் சேத்துப் பாத்து 1994ல வந்த ஒரு கட்டுரை 20 நிமிஷம் பக்கமா இருந்தா நல்லதுன்னு சொல்லுது, நாள் ஆக ஆக பலன் கொறஞ்சிடும்னும் சொல்லுது, அதனால வாரம் ஒரு நாள் கிளாஸ்ல மட்டும் தொடுறது பத்தாது. எந்த இடத்துல மனசு மங்கலாகி தாவி அடுத்த சொல்லுக்குப் போகுதோ அத மட்டும் போன்ல குறிச்சு வைங்க, வீட்டுக்குப் போனதும் மொதல்ல அத எடுங்க, பத்து நிமிஷம் போதும். மேனேஜ்மெண்ட்ல சண்டை போடாம எத்தன மணி வரைக்கும் வாசிக்கலாம்னு கேட்டு வாங்கிக்குங்க, ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் கிடைச்சாக்கூட பெருசு. கிளாசுக்கு அரை மணி முன்னாடியே போய் உக்கார முடியுமான்னு வாத்தியார்கிட்டயும் கேளுங்க.

ரப்பர் பேட் விரல் ஓட்டத்துக்கு ஓகே, ஆனா அதுல சாப்பும் வராது, நம்மும் வராது, உங்களுக்குக் கொறையுறதே அதுதான். அந்தக் காசுல மிருதங்கத்துக்கு நல்லா வார் பிடிச்சு, அதாவது தோல் பட்டைய இழுத்துக் கட்டி வைங்க.