ஆபரேஷன் முடிந்ததும் வரும் குழப்பம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது. விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் ராத்திரி என்னையே "நீ யாரு?" என்கிறார், யூரின் டியூபைப் பிடுங்கப் பார்க்கிறார். மறதி நோய் வந்துவிட்டதா?

பதில்: பயப்படாதீர்கள், மறதி நோய் இப்படி ஒரே ராத்திரியில் வராது. இதன் பெயர் டெலிரியம். பகலில் தெளிவாகப் பேசுவார், பொழுது சாய்ந்தால் வேறு ஆளாகிவிடுவார். பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள் தொடங்கும். பலர் சில நாட்களில் தெளிவார்கள், சிலருக்கு வாரக்கணக்கில் இழுக்கும். இடுப்பு எலும்பு முறிவில் இது அதிகம், ஏனென்றால் வலியோடும் சரியாகச் சாப்பிடாமலும் வந்து படுத்தவரை அவசரமாக ஆபரேஷனுக்கு எடுக்கிறோம். இப்போதே டியூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். சோடியம், ஆக்ஸிஜன், கிருமித் தொற்று, வலி, மலச்சிக்கல், டியூப் அடைத்திருக்கிறதா என்று எல்லாம் பார்க்க வேண்டும். டியூப் இனித் தேவையில்லை என்றால் எடுத்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 72. அடுத்த மாதம் மூட்டு மாற்று ஆபரேஷன். அவருக்கும் வருமா?

பதில்: வயதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நான் மயக்க மருந்து டாக்டர், நான் முதலில் கேட்பது ஞாபக சக்தியைப் பற்றித்தான். அடுப்பை அணைக்க மறக்கிறாரா, மாத்திரை போட்டோமா என்று குழம்புகிறாரா? ஏற்கெனவே லேசாக மறதி இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து மிக அதிகம். முன்பு ஒரு ஆபரேஷனில் இப்படி ஆகியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அப்புறம் மாத்திரைப் பை. அதை அப்படியே கொண்டு வாருங்கள், சீட்டு மட்டும் போதாது. தினமும் போடும் தூக்க மாத்திரை, அரிப்புக்குப் போடும் பழைய வகை அலர்ஜி மாத்திரை, அடிக்கடி சிறுநீர் வருவதைக் குறைக்கப் போடும் சில மாத்திரைகள், இதெல்லாம் வயதானவர்களின் மூளையைக் குழப்பும். அதற்காகத் தூக்க மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அதனாலேயே டெலிரியம் வரும்.

காதும் கண்ணும் கூட முக்கியம். ஒரு பாட்டி இரண்டு நாளாகப் போர்வை நுனியைத் திருகியபடி, மாட்டைக் கறக்கப் போகணும் என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தார். அவருடைய காது மிஷின், தொலைந்துவிடக் கூடாதென்று, மகளின் கைப்பையில் பத்திரமாக இருந்தது. மாட்டிவிட்டதும் "இது ஆஸ்பத்திரியா?" என்று கேட்டார். உடனே குணமாகவில்லைதான், ஆனால் அன்று சாயங்காலம் நாங்கள் சொன்னது அவருக்குக் கேட்டது. கண்ணாடி, காது மிஷின், பல் செட் மூன்றையும் தியேட்டரிலிருந்து வந்ததும் மாட்டிவிடுங்கள்.

கேள்வி: முழு மயக்கம் வேண்டாம், முதுகில் ஊசி போடுங்கள் என்று கேட்டால் தப்பிக்கலாமா?

பதில்: நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினேன். 2021-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பு எலும்பு முறிந்த 1,600 பேரை வைத்து நடந்த ஆய்வு வெளிவந்தது, முழு மயக்கம், முதுகில் ஊசி என்று இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு டெலிரியம். எது பொருத்தம் என்று உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும்.

கேள்வி: மாமனார் தினமும் குடிப்பார். டாக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: தயவுசெய்து சொல்லுங்கள், எவ்வளவு என்பதையும் சேர்த்து. குடி திடீரென்று நின்றதால் வரும் நடுக்கத்துக்கும் குழப்பத்துக்கும் வைத்தியமே வேறு. இது தெரியாமல் போனால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: வலி மருந்தைக் குறைத்தால் நல்லதா?

பதில்: இல்லை. அடங்காத வலியும் குழப்பத்தைக் கொண்டுவரும். அளவை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

கேள்வி: எங்கள் பெரியம்மா கத்தவில்லை, ஆபரேஷனுக்குப் பிறகு தூங்கிக்கொண்டே இருக்கிறார். நர்ஸ் அக்காகூட "நல்ல ஓய்வு" என்றார்.

பதில்: எனக்கு இதுதான் அதிகக் கவலை. டெலிரியத்தில் அமைதியான வகை உண்டு, வயதானவர்களிடம் அதுவே அதிகம், யாரும் கவனிப்பதில்லை. எழுப்பி உட்காரவைத்து, வாரத்தின் நாட்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். வழக்கமாகச் சொல்லக்கூடியவர் பாதியில் தொலைந்து போனால் இன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள், நாளை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்க வேண்டாம்.