சோலாரில் ஓடினாலும் உப்பு எங்கே போகும்?

கேள்வி: தஞ்சாவூர் மாவட்டம் சேதுபாவாசத்திரம் பக்கம் கடலோரக் கிராமம் எங்களுடையது. 200 குடும்பங்கள். போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. குடிக்கவும் சமைக்கவும் லாரித் தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறோம். ஒரு நிறுவனம் தினம் 10,000 லிட்டர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் போட்டுத் தருவதாகச் சொல்கிறது. முழுக்க சோலாரில் ஓடும், அதனால் சுற்றுச்சூழலுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்கிறார்கள். ஆனால் ஊர்க் கூட்டத்தில் மீன்பிடிக்கிறவர்கள், சுத்திகரித்த பிறகு மிஞ்சும் அதிக உப்பான ரிஜெக்ட் தண்ணீர் கடலில் கலந்தால் நண்டும் இறாலும் போய்விடும் என்று எதிர்க்கிறார்கள். என்ன முடிவு எடுப்பது?

பதில்: மின்சாரத்தைப் பொறுத்தவரை நிறுவனம் சொல்வது உண்மை. ‘எந்தப் பாதிப்பும் இல்லை’ என்பது உண்மையில்லை. உங்கள் ஊர் மீனவர்கள் கேட்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதற்குச் சரியான பதில் கிடைத்தால் நிலையம் வரட்டும், கிடைக்காவிட்டால் வேண்டாம் என்பது என் கருத்து.

முதலில் சோலார் விஷயத்தை முடித்துவிடுவோம். உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் ஆர்.ஓ. சவ்வு வழியாகக் கடல்நீரைத் தள்ள 55, 60 பார் அழுத்தம், அதாவது காற்றழுத்தத்தைப் போல 55, 60 மடங்கு வேண்டும். பெரிய நிலையங்களில் வெளியேறும் ரிஜெக்ட் தண்ணீரின் (உவர்நீரின்) அழுத்தத்தைத் திரும்பப் பிடித்துப் பயன்படுத்தும் கருவி இருக்கும். அங்கே 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் போதும். கிராம அளவு நிலையங்களில் செலவைக் குறைக்க அதை விட்டுவிடுவார்கள். அப்போது 7, 8 யூனிட் ஆகும். உங்கள் 10,000 லிட்டருக்கு அந்தக் கருவி இல்லாமல் தினம் 80 யூனிட் என்று வையுங்கள். நம் வெயிலில் 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். ஆகவே 20 கிலோவாட், சுமார் 2,000 சதுர அடி பேனல். அந்தக் கருவியோடு வாங்கினால் ஏறக்குறைய பாதி போதும். முதல் நாளே இதைக் கேளுங்கள்.

இதே 80 யூனிட்டை மின்வாரிய இணைப்பில் எடுத்தால், நம் நாட்டில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்ற கணக்கில், வருடத்துக்கு 20 டன் புகை. பேனல் தயாரிப்பில் வெளியான கார்பனைக் கழித்த பிறகும் சோலாரால் இதில் பெரும்பகுதி மிச்சம். இது சின்ன விஷயமில்லை. ஆனால் சோலாரின் நன்மை இதோடு நிற்கிறது. சவ்வின் மறுபக்கம் என்ன வெளியே வருகிறது என்பதில் சூரியனுக்குச் சம்பந்தமே இல்லை.

அங்கே என்ன வருகிறது? சிறிய நிலையங்கள் எடுக்கும் கடல்நீரில் 35 சதவீதத்தைத்தான் நல்ல நீராக மாற்றும். 10,000 லிட்டர் குடிநீருக்கு 28,500 லிட்டர் கடல்நீர் எடுக்க வேண்டும், 18,500 லிட்டர் ரிஜெக்ட் தண்ணீர் வெளியேறும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால், வெளியேறுவதில் 54 கிராம். மொத்தத்தில் தினம் ஒரு டன் உப்பு உங்கள் குழாய் வழியாகப் போகும்.

ஒரு டன் என்றதும் பயப்பட வேண்டாம். அந்த உப்பு கடலிலிருந்து வந்ததுதான், நாம் புதிதாக உப்பு எதையும் சேர்க்கவில்லை. 18,500 லிட்டர் என்பது ஒன்றரை லாரித் தண்ணீர். அலை அடிக்கிற திறந்த கடலில் அது இருந்த இடம் தெரியாது. சிக்கல் அளவில் இல்லை, விடும் இடத்தில் இருக்கிறது. உங்கள் கடல் பாக் விரிகுடா. ஆழம் குறைவு, வாடைக் காலம் தவிர மற்ற மாதங்களில் அலை அடங்கிக் கிடக்கும், சேறு அதிகம். உவர்நீர் சாதாரணக் கடல்நீரைவிடக் கனமானது. கரையோரம் அப்படியே திறந்துவிட்டால் மேலே கலக்காமல் அடியில் படிந்து தரையோடு தரையாக ஊர்ந்து போகும். கடல்புல் இருப்பதும், நண்டு வளை போடுவதும், இறால் குஞ்சு ஒண்டுவதும் அந்தத் தரையில்தான். அந்தப் புல்லை மேயத்தான் ஆவுளியா (கடற்பசு) வருகிறது. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. உங்கள் ஊர்ப் பகுதிக் கடல் அதில்தான் வருகிறது. எனவே கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு இரண்டோடு வனத்துறையிடமும் பேசாமல் ஒரு குழாயும் இறங்கக் கூடாது.

ஆழமில்லாத, அடைபட்ட கடலில் இந்தத் தொழில் பெருகினால் என்ன ஆகும் என்று பார்க்க வளைகுடா நாடுகளைப் பார்க்கலாம். ஐ.நா. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கணக்குப்படி, உலகில் தினமும் 14.2 கோடி கனமீட்டர் உவர்நீர் வெளியேறுகிறது. அதில் 55 சதவீதம் சவூதி அரேபியா, அமீரகம், குவைத், கத்தார் என்ற நான்கே நாடுகளிலிருந்து. உங்கள் ஒரு நிலையம் அந்த அளவில் ஒரு துளிகூட இல்லை. ஆனால் கரை நெடுக ஊருக்கு ஒன்று என்று வந்தால் கணக்கு மாறும். அதை இப்போதே யோசிப்பது நல்லது.

சரி, எங்கேதான் விடுவது? கலிபோர்னியாவில் 2015இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். விடும் இடத்திலிருந்து 100 மீட்டருக்குள் உப்பு இயல்பைவிட லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் கூடக் கூடாது. உங்கள் 54 கிராம் தண்ணீரை அந்த அளவுக்கு இறக்க, ஒரு பங்குக்கு 8, 9 பங்கு கடல்நீர் கலந்தால் போதும். கரையிலிருந்து தள்ளி, கடல்புல் இல்லாத, நீரோட்டம் உள்ள இடத்தில், பல சிறு துளைகள் போட்ட குழாய் வழியாக மேல்நோக்கிப் பீய்ச்சினால் அது நடக்கும். அந்த இடம் எது என்று பொறியாளரைவிட உங்கள் ஊர் நண்டு வலைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களை எதிர்ப்பாளர்களாகப் பார்க்காமல், குழாய் போகும் வழியை அவர்களே காட்டட்டும்.

எந்தக் காரணம் கொண்டும் விடக் கூடாத இடங்கள்: முகத்துவாரம், அலையாத்தி ஓரம், ஓடை, ஊருக்குள் இருக்கும் பள்ளம். ஓடையில் விட்டால் அது கிணறுகளுக்குள் இறங்கும், பிறகு மீட்கவே முடியாது. கிராம நிலையங்களில் நடக்கும் பெரிய கேடு இதுதான். கடலுக்குக் குழாய் போடச் செலவாகும் என்று பக்கத்துப் பள்ளத்தில் திருப்பிவிடுவார்கள். சிலர் உப்பளம் போட்டு வற்ற வைக்கலாம் என்பார்கள். கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் வற்றும் என்று வைத்தாலும் உங்களுக்கு ஏறக்குறைய ஒரு ஏக்கர் வேண்டும், அடியில் தார்ப்பாய் விரிக்க வேண்டும், ஐப்பசி மழையில் அது நிரம்பி வழியும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உப்பைவிட எனக்குக் கவலை தருவது ரசாயனம். சவ்வில் பாசி படியாமலிருக்க குளோரின், அந்தக் குளோரினை முறிக்க பைசல்பைட், சுண்ணாம்பு படியாமலிருக்க ஆன்டிஸ்கேலன்ட், சேற்றைத் திரட்ட ஃபெரிக் குளோரைடு. பைசல்பைட் கூடினால் நீரில் உள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். சவ்வு கழுவும் அமிலமும் காரமும் தனி. அவற்றைத் தனித் தொட்டியில் பிடித்துச் சமப்படுத்திய பிறகே வெளியேற்ற வேண்டும். உங்கள் கடல் சேறானது என்பதால் ரசாயனத் தேவையும் அதிகமாகத்தான் இருக்கும். கரையில் மணல் பாங்கான இடம் இருந்தால், நேரடியாகக் கடலில் உறிஞ்சாமல் கடற்கரைக் கிணறு தோண்டி எடுக்கச் சொல்லுங்கள். மணலே வடிகட்டும், மீன் முட்டையும் குஞ்சும் உள்ளே இழுபடாது. ஆனால் கடற்கரை மணலில் மழைநீர் மெல்லிய அடுக்காக உப்புநீர் மேல் மிதக்கும். கடலோர ஊர்களில் ஊற்றுத் தோண்டி எடுப்பது அதைத்தான். அதற்கு அருகில் இந்தக் கிணறு வரக் கூடாது.

பேட்டரி தேவையில்லை. வெயில் இருக்கும் ஐந்தாறு மணி நேரம் ஓட்டி, மேல்நிலைத் தொட்டியில் சேமியுங்கள். மணிக்கு 2,000 லிட்டர் தரும் இயந்திரம் போதும். ஒன்று மட்டும்: தினமும் நிறுத்தும்போது நல்ல தண்ணீரால் சவ்வைக் கழுவிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். தவறினால் ரசாயனக் கழுவல் கூடும், ஐந்தாறு வருடம் வர வேண்டிய சவ்வு சீக்கிரம் குப்பைக்குப் போகும். பழைய சவ்வையும் பேனலையும் நிறுவனமே எடுத்துச் செல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். 2022 மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் பேனலும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

சவ்வே இல்லாமல் கண்ணாடிக் கூரைக்குக் கீழ் வெயிலில் ஆவியாக்கிப் பிடிக்கும் முறையும் உண்டு. ரசாயனம் வேண்டாம், மிகச் சுத்தம். ஆனால் சதுர மீட்டருக்கு நாளுக்கு 3, 4 லிட்டர்தான். 10,000 லிட்டருக்கு முக்கால் ஏக்கர் கண்ணாடி வேண்டும். பள்ளிக்கூடம், நாலைந்து வீடு என்றால் யோசிக்கலாம்.

கையெழுத்துப் போடும் முன் போர் தண்ணீரையும் பரிசோதித்துவிடுங்கள். உப்பு லிட்டருக்கு 3, 4 கிராமுக்குள் இருந்தால் அதைச் சுத்திகரிக்க மிகக் குறைந்த மின்சாரம் போதும். ஆனால் அதிகம் இறைத்தால் கடல் உள்ளே ஏறும், ரிஜெக்ட் தண்ணீரும் நிலத்தில்தான் விழும். உங்களைப் போன்ற ஊரில் கடலிலிருந்து எடுப்பதே நிலத்துக்குப் பாதுகாப்பு என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஒரு உப்பு அளக்கும் கைக்கருவி வாங்குங்கள். குழாய் இறங்கப் போகும் இடத்தில், அடித்தரைக்கு அருகிலிருந்து வாரம் ஒரு முறை நீர் எடுத்து அளந்து நோட்டில் எழுதுங்கள். அன்றன்று வந்த நண்டு, இறாலின் எடையையும் பக்கத்திலேயே குறியுங்கள். இதை நிலையம் ஓடத் தொடங்குவதற்கு ஒரு வருடம் முன்பே ஆரம்பிக்க வேண்டும். முந்தைய அளவு கையில் இல்லாவிட்டால், பிறகு நண்டு குறைந்தாலும் காரணம் இந்தக் குழாய்தானா என்று யாராலும் சொல்ல முடியாது.