புள்ளியியலா, டேட்டா சயின்ஸா: மகளை எதில் சேர்ப்பது?

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் கணிதம், கணினி அறிவியல் எடுத்து பிளஸ் டூ முடித்திருக்கிறாள். அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியல் கிடைத்திருக்கிறது. பக்கத்திலேயே ஒரு சுயநிதிக் கல்லூரியில் பி.எஸ்சி. டேட்டா சயின்ஸ் தருகிறேன் என்கிறார்கள். “புள்ளியியல் பழைய படிப்பு” என்கிறார் மைத்துனர். எதில் சேர்க்கலாம்? – ஒரு தந்தை, கும்பகோணம்

என்னைக் கேட்டால் புள்ளியியல்தான். ஆனால் என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு கல்லூரிகளிலும் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். ‘இல்லை’ என்று ஒரு கல்லூரி சொன்னால், அதுவே பாதி பதில்.

பாடத்திட்டத்தில் பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம். இரண்டு படிப்புக்கும் பொது, தள்ளிவிடுங்கள். பார்க்க வேண்டியது பகுதி 3, அதாவது முக்கியப் பாடங்கள். புள்ளியியல் என்றால் நிகழ்தகவு, மாதிரியெடுப்பு (முழுவதற்கும் பதில் ஒரு பகுதியை எடுத்துப் பார்ப்பது), மதிப்பீடு, கருதுகோள் சோதனை என்று ஆறு செமஸ்டருக்கும் நீளும். டேட்டா சயின்ஸ் என்றால் பைத்தான் என்ற கணினி மொழி, டேட்டாபேஸ், மெஷின் லேர்னிங். அவற்றுக்கு நடுவில் புள்ளியியல் பேப்பர் எத்தனை என்று பென்சிலால் வட்டமிட்டு எண்ணுங்கள். ஒன்றிரண்டோடு முடிந்தால் யோசியுங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு ஜவுளிக்கடையின் பத்து நாள் விற்பனையைக் கொடுத்து அடுத்த மாதத்துக்குக் கணிக்கச் சொன்னால், நாலு வரி பைத்தான் ஓர் எண்ணைத் துப்பிவிடும். அந்தப் பத்து நாளில் தீபாவளி வந்ததா என்று கேட்கத் தோன்றுவது மாதிரியெடுப்பு படித்தவருக்கு. பைத்தானைப் பிறகும் கற்றுக்கொள்ளலாம். புள்ளியியலைத் தனியாக உட்கார்ந்து படிப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்தது பட்டத்தின் பெயர். அரசு வேலை அறிவிப்பில் உள்ள பட்டமும் கையில் உள்ள பட்டமும் வேறு பெயரில் இருந்தால், இரண்டும் சமம் என்பதற்கு ‘ஈக்விவலன்ஸ்’ அரசாணை கேட்பார்கள். என் பழைய மாணவி ஒருத்தியின் பட்டப் பெயரில் ஒரே ஒரு சொல் கூடுதல். சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் அலைந்தாள். புள்ளியியல் என்ற பெயருக்கு அந்தத் தொல்லை வராது. யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்கு இளநிலைப் பட்டத்தில் புள்ளியியல் ஒரு பாடமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் புள்ளியியலில் முதுநிலைப் பட்டம் வேண்டும். டிஎன்பிஎஸ்சியும் புள்ளியியல் சார்நிலைப் பணிகளுக்குத் தேர்வு வைக்கிறது. ஐஐடியில் எம்.எஸ்சி. படிக்க ஆசைப்பட்டால், ஜாம் தேர்வில் கணிதப் புள்ளியியலுக்கென்றே ஒரு தாள் உண்டு.

சரி, டேட்டா சயின்ஸை விடவும் மனமில்லையா? சென்னை ஐஐடியின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பி.எஸ். பட்டத்தைக் கூடவே படிக்கட்டும். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, பிளஸ் டூ தேறியிருந்தால் விண்ணப்பிக்கலாம். நாலு வாரம் பாடம் நடத்தி, அப்புறம்தான் தகுதித் தேர்வு. பாதியில் நிறுத்தினாலும், முடித்த நிலைக்கு ஏற்ப சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022-இல் அனுமதித்துவிட்டது. முதல் செமஸ்டரிலேயே இரண்டையும் தலையில் ஏற்ற வேண்டாம்; கல்லூரி பழகட்டும்.

ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். சுயநிதிக் கல்லூரிக்குப் போனாலும் உண்டு என்பதால், இதை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

சுயநிதிக் கல்லூரியைப் பார்க்கப் போனால் வேலை நாளில் போங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு. புள்ளியியல் பேப்பரை எடுப்பது யார், அவர் என்ன படித்தவர் என்று கேளுங்கள். லேபில் எத்தனை கணினி ஓடுகிறது என்று அவளே பார்க்கட்டும். அன்றைக்கே சீட்டை உறுதி செய்யச் சொன்னால் மதிப்பெண் பட்டியலின் நகலை மட்டும் கொடுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே சொல்லியிருக்கிறது.